பென்சிலும் மையும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையைப் பற்றியோ, எமக்குக் கற்பித்து மறைந்த பெரியார்களைப் பற்றியோ நான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை என்னினும் மூத்தோர் என்னினும் நன்றாக எழுதுவர். நான் எடுத்துக்கொண்ட பொருள் தமிழாசிரியன் ஒருவனுக்குச் சற்றும் பொருந்தாதது போலத் தோன்றும். கணினியில் ஒரு பதிவின் விவரங்களை மாற்றி வைத்தல் வேறு, மாற்றியதைச் சேமித்தல் வேறு என்பதே அப்பொருள். இச்சிறு வேறுபாட்டை முழுமையாக அறியாமையால் ஒரு தாயின் மனத்தை நான் புண்படுத்த நேர்ந்தது. அதனை இம்மலரிலேயே சொல்லிவிடுதற்குத் தக்க காரணமும் உண்டு. அதனை ஈற்றிற் கூறுவேன்.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து முதல் நியமனம் பெற்றுச் சென்ற பாடசாலையில், முதிய ஆசிரியர் ஒருவர் எனக்குப் புள்ளி இடாப்பு எழுதும் முறையைக் கற்பித்தார். தவணைப் பரீட்சைப் புள்ளிகளை முதலிற் பென்சிலால் எழுதுதல் வேண்டும். பின்பு கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, வரவு இடாப்போடு பெயர்களை ஒப்பிட்டு, ஐயம் எழுந்த விடைத்தாளை மீளப் புரட்டிப் பார்த்து, யாவும் திருத்தமென்று கண்ட பின்னரே மையால் எழுதுதல் வேண்டும். “பென்சிலால் எழுதியது உமது எண்ணம், மையால் எழுதியது பிள்ளையின் சரித்திரம்” என்று அவர் கூறுவார். அன்று அதனை ஒரு முதியவரின் கண்டிப்பு என்றே எண்ணினேன். அப்பாடத்தை நாற்பது வயது கடந்தபின் கணினியின் முன் இருந்து மறுபடியும் படிக்க நேரும் என்று அன்று யார் அறிவார்?

விழாவை முன்னிட்டுக் கல்லூரியின் சேர்வு இடாப்புகளைக் கணினியில் ஏற்றப் பழைய மாணவர் சங்கத்தார் தீர்மானித்தனர். இடாப்புகள் இருந்த நிலையை நேரிற் கண்டோரே அதன் அவசியத்தை உணர்வர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் தொடங்கிய இடப்பெயர்வில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரை விட்டுத் தென்மராட்சிக்குச் சென்றபோது, குழந்தைகளையும் முதியோரையும் சுமந்த கைகளுக்கு இடாப்புகளைச் சுமக்க இயலவில்லை. அவை பூட்டிய அலுமாரியிற் கிடந்தன. 1996 இல் மக்கள் திரும்பி வந்து திறந்தபோது சிலவற்றைக் கறையான் அரித்திருந்தது. சிலவற்றில் மழைநீர் ஊறி மை பரந்திருந்தது. எஞ்சிய எழுத்தை வாசித்துப் பெயர்களைப் பிழையின்றி எழுதித் தருவதற்குத் தமிழாசிரியன் ஒருவன் வேண்டும் என்றனர். அப்பணி என்னிடம் வந்தது.

இதற்கான செயலியை ஆக்கித் தந்தவர் என் மாணவர். கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராகப் பணிபுரியும் அவர், சனி ஞாயிறுகளில் ஊதியமின்றி இவ்வேலையைச் செய்தார். ‘றூபி ஒன் றெயில்ஸ்’ என்னும் கட்டமைப்பை அவர் இதற்குப் பயன்படுத்தினார். றூபி என்பது யப்பானியரான யுகிஹிரோ மற்சுமோட்டோ ஆக்கிய கணினிமொழி. நாம் இருப்பிடமின்றி அலைந்த அதே 1995 ஆம் ஆண்டின் இறுதியில் அது உலகுக்கு வெளியிடப்பட்டது. அம்மொழியைக் கொண்டு இணையச் செயலிகளை எளிதாக ஆக்குவதற்கென டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமயர் ஹான்சன் 2004 இல் வெளியிட்ட கட்டமைப்பே றெயில்ஸ்.

“சேர், நீங்கள் வகுப்பிலை சொல்லுற பென்சிலும் மையும் இதுக்குள்ளையும் இருக்கு” என்று கூறியே அவர் எனக்கு அதனை விளக்கத் தொடங்கினார். நான் விளங்கிக்கொண்டவாறு இங்கே தருகிறேன்.

தரவுத்தளம் என்பது ஒரு பேரிடாப்பு. அதில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு நிரை உண்டு. பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த நாள் என்பன அந்நிரையின் கட்டங்கள். ஒருவனுடைய விவரத்தைத் திருத்த முற்படும்போது, றெயில்ஸ் அந்நிரையை வாசித்து அதற்கொரு படியைக் கணினியின் நினைவகத்தில் ஆக்கிக்கொள்ளும். நாம் முதலில் திருத்துவது அப்படியையேயன்றி இடாப்பையன்று. படியிலுள்ள பல கட்டங்களை ஒரே முறையில் நிரப்புவதற்கு ‘அசைன் அற்றிபியூட்ஸ்’ என்றொரு கட்டளை உண்டு. பெயர் இது, ஊர் இது என்று கட்டத்தின் பெயரையும் அதற்குரிய பெறுமதியையும் சோடி சோடியாகக் கொடுத்தால், அது அவற்றைப் படியில் எழுதிவிட்டு நின்றுவிடும். ‘சேவ்’ என்று தனியே கட்டளையிட்ட பின்னரே இடாப்பில் மை படியும். எழுதுதலையும் சேமித்தலையும் ஒருங்கே செய்வது ‘அப்டேற்’ என்னும் கட்டளை. பழைய நூல்களில் ‘அப்டேற் அற்றிபியூட்ஸ்’ எனக் காணப்படுவதும் அதுவே. அப்பழம்பெயர் 2020 இல் வெளிவந்த 6.1 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது.

எழுதுதலுக்கும் பதிதலுக்கும் இடையே இவ்வாறு ஓர் இடைவெளி இருப்பதன் பயன் பெரிது. அவ்விடைவெளியில் நின்று, ‘வலிட்’ என்று வினாவினால், எழுதியது விதிகளுக்கு அமைந்துள்ளதோ இல்லையோ என்று சோதித்துச் சொல்லும். ‘சேஞ்சஸ்’ என்று கேட்டால், மாறிய கட்டம் ஒவ்வொன்றிலும் முன்னிருந்தது எது, இப்போது எழுதியது எது என்று இரண்டையும் அருகருகே காட்டும். வேண்டாமெனக் கருதினால் ‘றிஸ்ரோர் அற்றிபியூட்ஸ்’ என்னும் கட்டளை பழையபடி ஆக்கிவிடும். ஒன்றுமே சொல்லாது விட்டாலும் தீங்கில்லை. கேட்ட பக்கத்தைத் திரைக்கு அனுப்பியதும் அந்தப் படி மறைந்துபோகும்.

இம்முறையைக் கொண்டு அவர் எனக்கு இரண்டு பொத்தான்களை அமைத்துத் தந்தார். ஒன்று ‘பார்க்க’, மற்றது ‘பதிக’. முன்னதை அழுத்தினால் என் திருத்தங்கள் படியில் மாத்திரம் எழுதப்பட்டு, பழையதும் புதியதும் இரு பத்திகளாகத் தோன்றும். பின்னதை அழுத்தினால் அதே விவரங்கள் மறுபடியும் அனுப்பப்பட்டுச் சேமிக்கப்படும்.

சில மாதங்கள் இப்பணி எனக்கு இன்பமாகவே இருந்தது. கறையான் தின்ற ஓரத்தில் நிற்பது ‘நாகலிங்கம்’ என்பதா, ‘நாகராசா’ என்பதா என்று ஐயம் எழும்போது, முதலில் ஒன்றை எழுதிப் ‘பார்க்க’ என்பதை அழுத்துவேன். அவனுடைய தம்பி வேறோர் ஆண்டிற் சேர்ந்திருப்பான். அந்நிரையில் தந்தையின் பெயர் தெளிவாக இருக்கும். ஒப்பிட்டுத் தெளிந்த பின்னரே பதிவேன். ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் பிறந்த நாட்டவரன்றோ நாமும் என்று தனியே இருந்து பெருமிதம் கொண்டதும் உண்டு.

இவ்வாறு ஆண்டுகள் பலவற்றைக் கடந்து என் சொந்த வகுப்பின் இடாப்பை அடைந்தேன். அதில் என் பெயருக்கு மூன்று நிரை கீழே ஒரு பெயர் உண்டு. அதனை இங்கே எழுதேன். என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். கணிதத்தில் எனக்குக் கைகொடுத்து, தமிழில் என் கொப்பியைப் பார்த்து எழுதியவன். 1995 இல் எம் இரு குடும்பங்களும் மழையில் ஒன்றாகவே நடந்தன. சாவகச்சேரியில் ஒரு மண்டபத்திற் சில கிழமைகள் அடுத்தடுத்துப் பாய் விரித்து உறங்கினோம். பின்பு அவர்கள் வன்னிக்குச் சென்றனர். நாம் ஊர் திரும்பினோம். பல ஆண்டுகள் கழித்து அவன் தாய் திரும்பி வந்தார். அவன் வரவில்லை. எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது என்று சொல்லக்கூடியவர் எவரும் இலர்.

செயலியிற் பட்டியல்கள் சில இருந்தன. துடுப்பாட்ட அணியினர், மாணவ முதல்வர், சாரணர் என்பன அவை. மலருக்கென ‘மறைந்தோர்’ என்றொரு பட்டியலும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொருவனுடைய பக்கத்திலும் பட்டியல்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். பொருந்துவதற்கு எதிரே அடையாளமிடுதல் வேண்டும். பட்டியலிற் சேர்ந்த பெயர் கல்லூரியின் இணையத்தளத்திலும் தானே தோன்றும். மறைந்தோர் பட்டியலில் இல்லாத எவருக்கும் தற்போதைய முகவரி கட்டாயம் இருத்தல் வேண்டும் என்பது செயலிக்கு வகுக்கப்பட்ட விதி. என் நண்பனுக்கு எழுத என்னிடம் முகவரி இல்லை.

அவன் பக்கத்தைத் திறந்து நெடுநேரம் இருந்தேன். பின்பு ‘மறைந்தோர்’ என்பதற்கு எதிரே அடையாளமிட்டு, ‘பார்க்க’ என்பதை அழுத்தினேன். அச்சொல்லின் அருகே அவன் பெயர் எவ்வாறு தோன்றும் எனக் காண்பதே என் நோக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்டேன், மனம் பொறுக்கவில்லை. பதியாமலே கணினியை மூடிவிட்டு எழுந்து சென்றேன். பென்சிலால் எழுதியதுதானே என்ற ஆறுதல் இருந்தது.

மூன்றாம் நாட் காலை, கனடாவில் வாழும் அவன் தங்கையிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. “அண்ணா, உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று மாத்திரம் கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இணையத்தளத்தின் மறைந்தோர் பட்டியலில் அவள் தன் அண்ணனின் பெயரைக் கண்டிருக்கிறாள். இத்தனை ஆண்டுகளாகத் தாம் அறியாத செய்தி ஏதோ எனக்குக் கிடைத்திருக்கிறது என்று எண்ணி, அதனைத் தாயிடமும் சொல்லிவிட்டாள்.

உடனே என் மாணவரை அழைத்துக் கடிந்தேன். “நான் பதியாததை உமது செயலி எப்படிப் பதிந்தது? நீர் சோதித்துப் பார்க்கவில்லையா?” என்றேன். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. “பாத்திட்டுச் சொல்லுறன் சேர்” என்றார். முதலிற் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். இரவு மறுபடியும் அழைத்துக் காரணத்தைச் சொன்னார்.

பெயர், ஊர் முதலியன மாணவனின் நிரையிலேயே உள்ள கட்டங்கள். ஆயின், அவன் எந்தப் பட்டியலைச் சேர்ந்தவன் என்பது அந்நிரையில் இல்லை. ஒரு மாணவன் பல பட்டியல்களிலும், ஒரு பட்டியலிற் பல மாணவரும் இருத்தல் கூடுமாதலின், அத்தொடர்புக்கெனத் தனியே ஓர் அட்டவணை உண்டு. இன்ன எண்ணுடைய மாணவன், இன்ன எண்ணுடைய பட்டியல் என இரண்டு எண்களைத் தாங்கிய நிரைகளே அதில் இருக்கும். ‘அசைன் அற்றிபியூட்ஸ்’ என்னும் கட்டளை, மாணவனின் சொந்தக் கட்டங்களைப் பொறுத்தவரையிற் சேமிக்காமல் நிற்கும். ஆனால் அதனிடம் பட்டியல்களின் எண்களைக் கொடுத்தால், அம்மாணவன் ஏற்கெனவே இடாப்பில் உள்ளவனாயின், தொடர்பு அட்டவணையில் வேண்டிய நிரைகளை அக்கணமே சேர்த்தும் நீக்கியும் விடும். ‘சேவ்’ என்ற சொல்லுக்காக அது காத்திராது. புதிதாகச் சேர்க்கப்படுபவனாயின் அவ்வாறன்று. அவனுக்கு இன்னும் எண்ணே இல்லையாதலின், அவன் சேமிக்கப்படும் வரை தொடர்பும் காத்திருக்கும். என் மாணவர் சோதித்தது புதிய பெயர் ஒன்றைச் சேர்த்து. அதனால் அவருக்கு யாவும் சரியாகவே தோன்றிற்று. இது றெயில்ஸில் ஒளிந்திருந்த குறையன்று. அதன் வழிகாட்டியில் வெளிப்படையாக எழுதப்பட்டுள்ள இயல்பே என்பதையும் அவரே சொன்னார்.

திருத்தத்தையும் அன்றிரவே செய்தார். ‘பார்க்க’ என்பதை அழுத்தும்போது பட்டியல் எண்களைத் தொடர்புக்குக் கொடாமல், தரவுத்தளத்தில் இடமில்லாத தற்காலிகக் கட்டம் ஒன்றில் வைத்துக் காட்டும்படி அமைத்தார். ‘பதிக’ என்பதை அழுத்திய பின்னரே அவை தொடர்புக்கு மாறும். அம்மாற்றத்தையும் ஏனைய கட்டங்களின் சேமிப்பையும், ஒன்று தவறின் மற்றதும் நில்லாதபடி ஒரே கட்டாகக் கட்டினார். ஏற்கெனவே இடாப்பில் உள்ள மாணவன் ஒருவனைக் கொண்டு சோதனையும் எழுதி வைத்தார். கடிந்ததற்கு வருந்துகிறேன் என்றேன். “இல்லை சேர், பிழை என்னிலைதான்” என்றார். பிழை அவரிடம் மாத்திரம் இருக்கவில்லை என்பதை மறுநாள் அறிந்தேன்.

மறுநாள் மாலை கோண்டாவிலில் உள்ள அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றேன். அவர் விறாந்தையில் இருந்தார். நடந்ததை விளக்க முயன்றேன். அட்டவணை, தொடர்பு என்று நான் தொடங்கியவற்றை அவர் செவிமடுக்கவில்லை.

“தம்பி, நீ அடையாளம் போட்டனியோ, இல்லையோ?” என்று கேட்டார்.

“போட்டனான் அம்மா” என்றேன்.

அவர் எழுந்து உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பின்பு, “அவன் வருவான் எண்டு நான் சொல்லேல்லை. இல்லை எண்டு நீங்கள் எழுதாதேங்கோ. அவ்வளவுதான்” என்றார்.

சேமிக்கும் எண்ணமின்றிப் பார்த்தேன் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டது முழு உண்மையன்று. பட்டியலை முடித்து அச்சகத்துக்கு அனுப்பும் அவசரம் எனக்கு இருந்தது. விதிக்கு அமையாது நின்ற அந்த ஒரு பக்கத்தையும் அமைத்துவிட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. முகவரிக் கட்டத்தை நிரப்ப இயலாதவன், நிரப்பாமல் விடுவதற்கு இடமளிக்கும் வேறொரு கட்டத்தைத் தேடினேன். செயலி காத்திருக்கவில்லை என்பது உண்மையே. என் மனம் மாத்திரம் காத்திருந்ததா? பென்சிலால் எழுதும்போதும் எதனை எழுதுகிறோம் என்ற பொறுப்பு உண்டு என்பதை அந்த முதிய ஆசிரியர் சொல்லாமலே நான் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்விடயத்தில் நாட்டின் சட்டமே என்னினும் பக்குவம் பெற்றிருந்தது. காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவதற்கு 2010 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழிசெய்தது. இறந்தார் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத குடும்பங்களுக்கு அது பயன்படவில்லை. 2016 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று கூறாது, காணாமற்போயுள்ளார் என்பதை மாத்திரம் கூறும் சான்றிதழ் ஒன்றைப் பெறவும் இடமளிக்கப்பட்டது. இருக்கின்றார், இறந்தார் என்னும் இரண்டுக்கும் அடங்காத ஒரு நிலை உண்டு என்பதைச் சட்டம் ஏற்றது. எமது செயலி ஏற்கவில்லை.

நாம் கற்பிக்கும் நூலிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. புறநானூற்றில் 266 ஆம் பாட்டை அடுத்து வருவது 269 ஆம் பாட்டு. இடையிலுள்ள இரண்டும் கிடைக்கவில்லை. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1894 இல் அந்நூலை முதன்முதலாக அச்சேற்றிய பின்னர் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. எவரும் 269 ஐ 267 ஆக்கி எண்ணைச் சரிக்கட்டவில்லை. அவ்விரு பாட்டுகளுக்கும் உரிய எண்கள் அவற்றுக்காகவே விடப்பட்டுள்ளன. சிதைந்த அடிகளிலும் ஊகத்தால் நிரப்பாது புள்ளிகளை இட்டுள்ளனர். இதனை ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லி வந்தவன் நான்.

ஆதலின் சங்கத்தாரின் இசைவோடு ஒரு மாற்றத்தை வேண்டினேன். முகவரி கட்டாயம் என்ற விதி தளர்த்தப்பட்டது. இப்போது அக்கட்டத்தை எவருக்கும் வெறுமையாக விடலாம். றூபியில் வெறுமையைக் குறிக்கும் சொல் ‘நில்’ என்று என் மாணவர் கூறினார். அவர்கள் மொழியில் அதற்கு இன்மை என்பது பொருள். எம் மொழியில் அச்சொல்லை எவ்வாறு கேட்போம் என்பதை இம்மலரைப் படிப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் பெயருக்கு மூன்று நிரை கீழே அவன் பெயர் இருக்கிறது. சேர்வு எண், தந்தை பெயர், சேர்ந்த நாள் யாவும் உள, முகவரி இல்லை. இம்மலரின் மறைந்தோர் பட்டியலைப் பார்க்கும் எம் வகுப்புத் தோழர்கள் அவன் பெயர் அதில் விடுபட்டிருப்பதைக் கண்டு, மலர்க் குழுவினர் மறந்துவிட்டனர் என எண்ணுதல் கூடும். எவரும் மறக்கவில்லை. அதனைத் தெரிவிக்கவே இதனை எழுதினேன்.